வேனில் உறங்கி வாடகையை மிச்சம் பிடிக்க முடியுமா?

கேள்வி: நான் கரூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன், வயது 29. குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கையில் வரும் சம்பளம் 24,000 ரூபாய். வீட்டுக்கு 8,000 அனுப்புகிறேன். வங்கிக் கடனுக்கு 4,500 போகிறது. டவுனில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்கு மாத வாடகை 7,500, முன்பணம் 50,000 கேட்கிறார்கள். என்னிடம் 2014ஆம் ஆண்டு ஆம்னி வேன் இருக்கிறது. புத்தாண்டு அன்று தொடங்கி இரண்டு வாரமாக அதில்தான் உறங்குகிறேன். இப்படியே ஓராண்டு ஓட்டினால் 90,000 ரூபாய் மிச்சமாகும் என்பது என் கணக்கு. குளிர் தாங்க முடிகிறது. இது சரியான முடிவா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்காமல், தன் படுக்கையைக் குறைத்துக்கொள்ள முன்வந்த பிள்ளை எழுதிய கடிதம் அது. அந்த எண்ணத்தை மதிக்கிறேன். அதனாலேயே உங்கள் கணக்கில் உள்ள ஓட்டையை மறைக்காமல் காட்ட வேண்டியிருக்கிறது. வாடகை கொடுக்காத பணம் முழுவதும் மிச்சப் பணம் ஆகிவிடாது. வீடு என்பது கூரை மட்டும் அன்று. அடுப்பும் தண்ணீரும் துணி காயும் கொடியும் அந்த 7,500க்குள் அடங்கியிருக்கின்றன, வேனில் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

தாளில் எழுதிப் பார்ப்போம். வீட்டுக்கும் வங்கிக்கும் போக உங்கள் கையில் நிற்பது 11,500. டவுன் வீட்டில் இருந்தால் வாடகை 7,500, தானே சமைத்துச் சாப்பிட ஏறத்தாழ 3,500, மின்கட்டணம் 400 என 11,400 போய்விடும். மீதி 100 ரூபாய். நீங்கள் வேனுக்குள் போனதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேனில் சமைக்கக் கூடாது (ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்), ஆகவே மூன்று வேளையும் மெஸ்ஸில்தான். ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று சிக்கனமாக வைத்தாலும் மாதம் 6,000. துணி வெளுக்க 700, கழிப்பறை வசதியுள்ள இடத்தில் வண்டியை நிறுத்த 1,000, இடம் மாற்றி ஓட்டும் பெட்ரோலுக்கு 800. மொத்தம் 8,500, மீதி 3,000. டவுன் வீட்டோடு ஒப்பிட்டால் வேன் உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது மாதம் 2,900, ஆண்டுக்கு 34,800. நீங்கள் எதிர்பார்த்த 90,000 அன்று. ஒரு காய்ச்சல் வந்து நான்கு நாள் லாட்ஜில் தங்க நேர்ந்தால் அதிலும் ஒரு மாதத்து மிச்சம் கரைந்துவிடும்.

இனி மூன்றாவது வழியைப் பாருங்கள். அருவங்காடு, கேத்தி, எல்லநள்ளி பக்கத்திலோ டவுனைச் சுற்றியுள்ள ஹட்டிகளிலோ (படகர் ஊர்களிலோ) 4,000 ரூபாய்க்கு ஓர் அறை கிடைத்தால், சமையல் 3,500, மின்சாரம் 400, பேருந்துக் கட்டணம் 800 சேர்த்து 8,700 ஆகும். வேன் வாழ்க்கைக்கும் கதவைச் சாத்திப் படுக்கும் ஓர் அறைக்கும் இடையே உள்ள வேறுபாடு மாதம் 200 ரூபாய்தான். இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொண்டு உங்கள் பங்கு 3,500 ஆனால் அறையே வேனைவிட மலிவாகிவிடும். என் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதி அந்த இடங்களில் நிரப்பிப் பாருங்கள். நீங்கள் கணக்கர், என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

டவுனில் வாடகை ஏன் இப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நினைத்த இடத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்ட முடியாது. மலைப் பகுதிக்கான கட்டட விதிகள் கடுமையானவை. இருக்கிற வீடுகளிலும் பல, சீசன் நாட்களில் ஒரே வாரத்தில் ஒரு மாத வாடகையை ஈட்டித் தரும் காட்டேஜ்களாக மாறிவிட்டன. ஹட்டிகளில் நிலைமை வேறு: பிள்ளைகள் கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போய்விட, பூட்டிக் கிடக்கும் அறைகள் உண்டு. ஆனால் அங்கே 'வாடகைக்கு' என்று பலகை தொங்காது. ஆளைத் தெரியாமல் வீடு கொடுக்க மாட்டார்கள். உங்கள் தொழிற்சாலைக்கு இலை கொண்டுவரும் விவசாயிகளிடம் கேளுங்கள். கணக்குப் பிள்ளையாக அவர்கள் உங்களைத் தினமும் பார்க்கிறார்கள், அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியதில்லை.

உங்கள் தொழிற்சாலை எஸ்டேட்டைச் சேர்ந்ததா, வெளியில் இலை வாங்கித் தூளாக்கும் பாட்லீஃப் ஃபேக்டரியா என்று எழுதவில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொடங்கித் தோட்டத் தொழிலாளருக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் கடமையாக இருந்து வருகிறது. அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கு அதை உரிமையாகக் கேட்க முடியாமல் போகலாம். இருந்தாலும் பழைய எஸ்டேட்களில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் காலியாகக் கிடப்பது உண்டு என்பதால், மேனேஜரிடம் எழுத்து மூலமாக ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பாருங்கள். பாட்லீஃப் என்றால் குவார்ட்டர்ஸ் இருக்க வாய்ப்புக் குறைவு. அப்போது வேறொன்றைக் கேளுங்கள். இலை வரத்து மிகுந்த நாட்களில் இரவிலும் தொழிற்சாலை ஓடும், விளக்கு எரியும், வாட்ச்மேன் இருப்பார். அந்த முற்றத்தில் வேனை நிறுத்தி உறங்கவும் கழிப்பறையைப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தால் சாலையோரத்தை விடப் பல மடங்கு மேல். இலையை உலர்த்தும் டிரையருக்கு விறகு எரிப்பதால், புகை இறங்கி வரும் பக்கத்தைத் தவிர்த்து நிறுத்துங்கள்.

"குளிர் தாங்க முடிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அஞ்சுவது குளிரை அன்று, குளிருக்கு மனிதர்கள் தேடும் மாற்று வழிகளைத்தான். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகள் வழக்கம். உதகையில், 2,240 மீட்டரில், உறைபனியே விழும். அப்படி ஓர் இரவில் இரண்டு மணிக்கு விழிப்பு வந்து கால் மரத்துப்போனால், எஞ்சினைப் போட்டு விடலாமா, சின்ன அடுப்பை ஏற்றலாமா என்று தோன்றும். தயவு செய்து வேண்டாம். எஞ்சின் புகையிலும் கரியடுப்புப் புகையிலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம் வருவது போன்ற மயக்கம். உறங்குகிறவர் அந்த மயக்கத்தை உறக்கத்திலிருந்து பிரித்தறிய முடியாது. குளிருக்காகக் கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்த சுற்றுலாப் பயணிகள் காலையில் எழாமல் போன செய்திகள் மலை ஊர்களில் இருந்து வந்துகொண்டே இருக்கின்றன. வீட்டு அறையிலேயே அப்படியென்றால், வேன் அதைவிடச் சிறிய பெட்டி. பத்தாண்டு கடந்த ஆம்னியில் பின்கதவு ரப்பர் தேய்ந்திருக்கும்; சைலன்சர் புகை அந்த இடுக்கு வழியே உள்ளே வரும். கேஸ் ஸ்டவ்வுக்கும் இதே விதிதான். வேனுக்குள் சமைக்காதீர்கள் என்று சொன்னது இதனால்தான்.

குளிரை முறையாகத் தடுக்கும் வழி கீழிருந்து தொடங்குகிறது. மேலே மூன்று கம்பளி போர்த்தியும் நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கீழே இருந்தது வெறும் தகரத் தரையும் ஒரு பெட்ஷீட்டும். தரையில் முதலில் ஃபோம் பலகை, அதன் மேல் தேங்காய்நார் மெத்தை, அதன் மேல் கம்பளி. காலடியில் சுடுநீர் ரப்பர் பை. காதை மூடும் குல்லாய். இவ்வளவு போதும்.

கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். சீசன் நாட்களில் குன்னூரின் பெட்போர்டு பக்கத்தில் காரிலேயே உறங்கும் ஓட்டுநர் ஒருவர், விடியற்காலை ஐந்து மணிக்குப் பழைய செய்தித்தாளால் முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். இரண்டு முழுத்தாள் ஊறிக் குழைந்து கையோடு வந்தது. "எல்லாம் நம்ம மூச்சுதாண்ணா" என்றார். உண்மைதான், ஓர் ஆள் ஓரிரவில் ஒரு டம்ளருக்கும் மேலான நீரை மூச்சிலும் வியர்வையிலும் வெளியேற்றுகிறார். மூடிய வண்டியில் அது மெத்தைக்குள்தான் இறங்கும். சில வாரங்களில் பூஞ்சை பிடிக்கும், பிறகு இருமலும் தொடங்கலாம். பகலில் வெயில் அடிக்கும்போது மெத்தையை வெளியே எடுத்து உலர்த்த ஓர் இடத்தை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதில் என் முதல் கவலை மரமும் மண்ணும். சீகை மரத்துக்கு வேர் ஆழமில்லை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) காற்றில் கிளையோடு முறியும்; இரண்டின் கீழும் வேண்டாம். தடுப்புச் சுவரின் அடியிலும் வேண்டாம். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஆபத்தான மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் பெய்த மழையில் நீலகிரியில் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் இரவில், உறக்கத்தில். ஆகவே ஓராண்டுத் திட்டம் என்ற பேச்சுக்கே நான் உடன்பட மாட்டேன்.

அடுத்தது கரடி. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கடைக் கதவையே உடைக்கும் கரடிக்கு ஆம்னியின் சறுக்குக் கதவு ஒரு பொருட்டன்று. வாழைப்பழம், எண்ணெய், முறுக்கு எதுவும் இரவில் வண்டிக்குள் இருக்கக் கூடாது. நடுவில் இறங்க நேர்ந்தால், கதவைத் திறக்கும் முன் கண்ணாடி வழியே நான்கு பக்கமும் டார்ச் அடியுங்கள். காட்டெருமை சத்தமில்லாமல் பத்தடி தூரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருக்கும். காப்புக்காட்டு ஓரத்தில் நிறுத்தவே வேண்டாம். வனத்துறைக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, சொந்த வண்டிக்குள் உறங்குவதே குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ ஏற்படும்படி நிறுத்துவதைத்தான் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. ரோந்து போலீசார் தட்டினால் காட்ட ஆர்சி, லைசென்ஸ், தொழிற்சாலை அடையாள அட்டை மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் அடிக்காதீர்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது 52ஆம் பிரிவின்படி தவறு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகைக்கும் சிக்கல் வரும். இருக்கையின் மேல் மடக்குப் பலகை போதும். வண்டி கரூர்ப் பதிவு என்றால், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸை ஊருக்குப் போய்த் திரும்பும்போது மறக்க வேண்டாம்.

முன்பணத்தைப் பற்றி ஒரு செய்தி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. 7,500 வாடகைக்கு அது 22,500 ஆகும். உங்களிடம் கேட்டிருப்பது 50,000. இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள், சண்டையாக அன்று. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை ஆணையத்தில் பதிவாகட்டும். சீசனில் காலி செய்யச் சொன்னால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

ஆக, என் ஆலோசனை இது. ஏப்ரல் முடியும் வரை வேனில் இருங்கள், அதுவும் தொழிற்சாலை முற்றத்திலோ தெரிந்த ஒருவரின் வாசலிலோ. ஜனவரியிலிருந்து நான்கு மாதம், மாதம் 3,000 சேர்ந்தால் 12,000. 4,000 ரூபாய் அறைக்கு மூன்று மாத முன்பணம் சரியாக அதுதான். மே மாதத்தில் டவுன் முழுக்க வண்டி நிற்கும், நிறுத்த இடமே கிடைக்காது. அதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும். இடையில் இரண்டு நாள் தொடர்ந்து காலையில் தலைவலியோடு எழுந்தாலோ இருமல் ஒரு வாரம் நீடித்தாலோ, கணக்கைப் பார்க்காமல் யாருடைய அறையிலாவது பங்குக்குப் போய்விடுங்கள்.

அம்மாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார் என்று மறைக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனால் இரவு எங்கே வண்டி நிற்கிறது என்பது உலகில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். வாட்ச்மேனிடமும் சொல்லி, காலை ஏழுக்குள் நீங்கள் எழவில்லை என்றால் கண்ணாடியைத் தட்டச் சொல்லுங்கள்.

அறை பார்க்கப் போகும்போது மாலையில் போங்கள். வடக்குப் பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் கையில் ஒட்டினால் வாடகை குறைவாக இருந்தாலும் வேண்டாம். கோடையில் குன்னூர்ப் பக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் என்பதால், குழாயில் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் மட்டுமல்லாமல் பக்கத்து வீட்டுப் பெண்களிடமும் கேட்டுக்கொண்ட பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.