இசைத்தட்டில் கேட்கும் கேப்டனின் குரல்

அன்புள்ள ஐயா,

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ படத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் பாடல்களை அப்பாவின் இசைத்தட்டில் கேட்டு மனப்பாடம் செய்தவள் நான். கேப்டன் வான் டிராப் பாடும் ‘எடல்வைஸ்’ பாடலில் ஒலிப்பது, அந்த வேடத்தில் நடித்த கிறிஸ்டோபர் பிளம்மரின் குரலே அல்ல என்று அண்மையில் அறிந்தது முதல், அதைக் கேட்கும்போதெல்லாம் ஏமாற்றப்பட்டதுபோல் இருக்கிறது. பின்னணிப் பாடகர்களுக்குப் பழகிய எனக்கே இது ஏன் உறுத்துகிறது? படத்தை விட்டுவிட்டு இசைத்தட்டை மட்டும் ரசிப்பது அரைகுறை ரசனைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் கேள்விக்கு விடை எளிது. சிவாஜி கணேசனுக்காக டி.எம்.சௌந்தரராஜன் பாடியதை நாம் ஏமாற்று என்று கருதாததற்குக் காரணம், பாடியவர் யார் என்பதைத் திரையும் இசைத்தட்டும் வானொலியும் நமக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். அன்றைய ஹாலிவுட்டில் அந்த வழக்கம் இருக்கவில்லை. பிளம்மருக்காகப் பாடிய பில் லீயின் பெயரோ, மடத்தலைவியாக நடித்த பெக்கி வுட்டுக்காகப் பாடிய மார்ஜரி மெக்கேயின் பெயரோ 1965இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. டெபோரா கெர், நடாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன் ஆகிய நடிகைகளுக்கு வெவ்வேறு படங்களில் குரல் கொடுத்த மார்னி நிக்ஸன், இந்தப் படத்தில்தான் கன்னியாஸ்திரிகளுள் ஒருவராகத் தம் முகத்தோடு திரையில் தோன்றினார். ஆகவே உங்கள் கோபம் நியாயமானதுதான். அதைப் பெயரை மறைத்தவர்கள் மீது காட்டுங்கள், பாவம், பில் லீயை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது கேள்வியில் எனக்கு உடன்பாடில்லை. இத்தகைய படங்களில் பாடல்களைத்தான் முதலில் பதிவுசெய்வார்கள்; இர்வின் கோஸ்டல் நடத்திய இசைக்குழுவோடு லாஸ் ஏஞ்சலிஸில் பதிவான பாடல்களை ஒலிக்கவிட்டு, அவற்றுக்கேற்ப நடிகர்களை வாயசைக்க வைத்துப் படம்பிடித்தார் இயக்குநர் ராபர்ட் வைஸ். பெரும்பாலோர் ஆஸ்திரியா என்றே எண்ணியிருக்கும் அந்தத் தொடக்கக் காட்சியின் புல்வெளி, எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிறது. நாயகி மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் கைகளை விரித்துச் சுழலும்போது கேமராவைச் சுமந்து நெருங்கிய ஹெலிகாப்டர், அவரைக் கடந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் தன் காற்றின் வேகத்தால் அவரைத் தரையில் தள்ளியது. அந்த இரைச்சலில் அவர் உண்மையாகவே பாடியிருந்தால் ஒரு சொல்கூட நம் காதுக்கு எட்டியிருக்காது. அங்கே ஆண்ட்ரூஸே தம் குரலுக்குப் பின்னணி நடிகையாகத்தான் நிற்கிறார். ஆகவே உங்கள் அப்பாவின் இசைத்தட்டில் இருப்பதைப் படத்திலிருந்து கழித்தெடுத்த மிச்சமாக எண்ண வேண்டியதில்லை. படத்துக்கும் முந்தியது அது.

இசைத்தட்டில் மட்டுமே கவனத்துக்கு வரும் நுட்பங்களும் உண்டு. ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இடியும் மின்னலும் குழந்தைகளின் ஓட்டமும் கண்ணை நிறைத்துவிடுவதால், மனத்துக்கு இனிய பொருள்களை அடுக்கும் அந்தப் பாடல் மூன்று எண்ணிக்கைகளில் சுழலும் வால்ட்ஸ் நடையில், துயரச் சாயல் கொண்ட மைனரில் தொடங்குகிறது என்பது எளிதில் பிடிபடாது. நாய் கடித்தாலும் தேனீ கொட்டினாலும் இவற்றை நினைத்துக்கொள்வேன் என்று தேறுதல் சொல்லி முடிக்கும்போதுதான் மெட்டு முழுமையாக, மகிழ்ச்சிச் சாயல் கொண்ட மேஜரில் வந்து அமர்கிறது. அச்சம் தெளிவதைச் சொற்களுக்கு முன்பாகவே இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையில் எழுதிவிட்டார். படத்துக்கு மூலமான மேடை நாடகத்தில் மரியாவும் மடத்தலைவியும் பாடிய இந்தப் பாடலைப் புயல் இரவுக்கு மாற்றியது திரைக்கதையாசிரியர் எர்னஸ்ட் லேமனின் வேலை. மெட்டைச் சரியாகக் கேட்டவர் செய்த மாற்றம் அது என்பேன்.

‘எடல்வைஸ்’ பாடலில் மட்டும் படத்தின் பக்கம் சாய்கிறேன். ஆஸ்திரியாவின் நாட்டுப்பாடல் என்றே பலர் நம்பும் இது, 1959இல் நாடகம் பாஸ்டனில் முன்னோட்டமாக நடந்தபோது சேர்க்கப்பட்டது. பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாடல் இதுவே. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் மறைந்துவிட்டதால், படத்துக்காகப் புதிதாகச் சேர்த்த இரண்டு பாடல்களுக்கு ராஜர்ஸே சொற்களையும் எழுத நேர்ந்தது. நாடகத்தில் விழா மேடையில் மட்டும் ஒலித்த ‘எடல்வைஸ்’ படத்தில் இருமுறை வருகிறது. முதலில் வீட்டுக் கூடத்தில் கிடாருடன், பாட மறந்திருந்த ஒரு தந்தையின் பாடலாக. பின்னர் நாஜிகள் அமர்ந்திருக்கும் சால்ஸ்பர்க் விழாவில், நாட்டை விட்டுத் தப்பவிருப்பவனின் விடைபெறலாக. இரண்டாம் முறை பாதியில் அவர் குரல் தடுமாறி நின்றுவிட, மரியா வந்து தொடர்கிறாள், பிறகு அரங்கமே சேர்ந்துகொள்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் பிளம்மரின் தொண்டைக்குப் பங்கில்லை, முகத்துக்கு முழுப் பங்குண்டு.

பிளம்மரும் தம் பாடல்களைப் பதிவுசெய்திருந்தார். 2023இல் வந்த இசைத்தட்டின் விரிவான பதிப்பில் அவரது குரலும் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நீண்ட சுரங்களில் சிரமமின்றி நிற்கும் பில் லீயைத்தான் நான் தேர்வேன். உங்கள் தீர்ப்பு வேறாக இருந்தால் எழுதுங்கள்.