காரின் முன்கண்ணாடியில் கல் தெறித்தால் கட்டாயம் மாற்ற வேண்டுமா?

எப்போதும் இல்லை. முன்கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல; இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அதனால்தான் அடிபட்டால் விரிசல் விழுகிறதே தவிர, பக்கக் கண்ணாடி மாதிரி பொலபொலவென்று கொட்டுவதில்லை.

தோட்டப்புறத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் செம்மண் சாலையில் போகிறவர்களுக்கு இது பழகிய தொல்லை. டயர் கிளப்பும் கல் பெரும்பாலும் வெளித்தகட்டில் மட்டும் மிளகளவு பள்ளம் போடும். அப்போதே ரெசின் பசையை உள்ளே செலுத்திக் கெட்டியாக்கினால் போதும். தழும்பு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். தள்ளிப்போட்டால்தான் வம்பு. மதிய வெயிலில் காய்ந்த கண்ணாடியில் ஏர்கோன் காற்றோ சாயங்கால மழையோ பட்டதும் ஒரு பக்கம் சுருங்கும், மறுபக்கம் விரிந்தே நிற்கும். அந்த இழுப்பெல்லாம் விரிசலின் முனையில் போய்ச் சேரும். கைலியில் விழுந்த சின்னக் கிழிசல் இழுக்க இழுக்க நீளுமே, அதே கதை.

விரிசல் ஓரத்தைத் தொட்டாலோ, ஓட்டுநரின் பார்வைக்கு நேரே இருந்தாலோ, நீண்டுவிட்டாலோ மாற்றிவிடுங்கள். வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் இந்தக் கண்ணாடிக்கும் பங்கு உண்டு. மாற்றியபின், பசை காயப் பட்டறைக்காரர் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

அப்புறம், காப்புறுதியில் கிளெய்ம் செய்தால் என்சிடி, அதாவது கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் கிடைத்து 55 விழுக்காடுவரை ஏறும் கழிவு, போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். காப்புறுதியில் கண்ணாடிக்கெனத் தனிப் பாதுகாப்பு சேர்த்து வாங்கியிருந்தால், அதில் கோருவதால் என்சிடி குறையாது.