அப்பல்லோ 11: மைக்கேல் காலின்ஸ் ஏன் நிலவில் இறங்கவில்லை?

1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் கால்பதித்தபோது காலின்ஸ் மட்டும் ஏன் மேலேயே இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் இறங்கிய ஈகிள் கலத்தில், பூமியின் வளிமண்டலத்துக்குள் நுழையும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்கும் கவசம் கிடையாது. எடையைக் குறைப்பதற்காக, நிலவில் இறங்கி ஏறுவதற்கு மட்டுமே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. மூவரும் பூமி திரும்பவேண்டிய கலம், காலின்ஸ் இருந்த கொலம்பியாதான். அதை நிலவுக்கு மேலே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் உயரத்தில், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்றாக இயக்கிக்கொண்டு, மேலேறிவரும் ஈகிளோடு இணைக்கவும், ஈகிள் தாழ்ந்த சுற்றுப்பாதையில் சிக்கிக்கொண்டால் கீழிறங்கிச் சென்று மீட்கவும் ஒருவர் கட்டாயம் தேவைப்பட்டார். என் பார்வையில் மூவரில் மிகக் கடினமான பொறுப்பு அவருடையதே. ஈகிள் மேலெழும்ப இருந்தது ஒரேயொரு எஞ்சின். அது இயங்காமல் போயிருந்தால், காலின்ஸ் நண்பர்கள் இருவரையும் விட்டுவிட்டுத் தனியாகவே திரும்பியிருக்க வேண்டும்.