ரத்தம் வருகிறதே என்று பிரஷை ஒதுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு இது ஐந்தாம் மாதம், முதல் குழந்தை. இரண்டு மாதமாகப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வருகிறது. பயந்துபோய் பிரஷை விட்டுவிட்டு விரலால் லேசாகத் தேய்த்துக்கொள்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்றில் சொத்தையும் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. பல் டாக்டரிடம் போகலாம் என்றால், “வயிற்றுப் பிள்ளையோடு ஊசியா, எக்ஸ்ரேயா? பிரசவம் முடியட்டும்” என்கிறார் மாமியார். தாயின் பல்லில் உள்ள கால்சியத்தைக் குழந்தை எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, மற்றதெல்லாம் அப்புறம். இன்று இரவே பிரஷைத் திரும்பக் கையில் எடுங்கள்.

கர்ப்பத்தின்போது உடலில் புரொஜெஸ்ட்ரோன், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன. ஈறுக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. பல்லின் அடியோரத்தில் நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, மாவு போல ஒன்று வரும், பார்த்திருப்பீர்கள். அது முழுக்கக் கிருமிகள். முன்பு அதைப் பொறுத்துக்கொண்ட ஈறு இப்போது கொஞ்சம் இருந்தாலே சிவந்து வீங்கிவிடும். தொட்டால் ரத்தம் வரும். பெரும்பாலும் இரண்டாம் மாத வாக்கில் தொடங்கி எட்டாம் மாதம் வரை கூடிக்கொண்டே போகும். ஆக, ரத்தத்துக்குக் காரணம் அங்கே தங்கிய அழுக்கு. பிரஷை விட்டால் அழுக்கு சேரும், ரத்தம் இன்னும் அதிகமாகும். விரல் பல்லின் முகத்தைத்தான் துடைக்கும், ஈறோரத்துக்குள் போகாது.

மெல்லிய இழையும் சின்னத் தலையும் உள்ள பிரஷ் வாங்குங்கள். குமட்டல் இருப்பவர்களுக்கும் அதுதான் வசதி. இழைகளைச் சாய்த்து, பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி வைத்து, இருந்த இடத்திலேயே மெதுவாக அசையுங்கள். அழுத்தித் தேய்க்கத் தேவையில்லை. ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், காலையும் இரவும் 2 நிமிடம். முதல் சில நாள் துப்பும் நுரை இளஞ்சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரத்தில் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் உள்ளே அழுக்கு இறுகிக் காரை கட்டியிருக்கலாம். அது பிரஷுக்குப் போகாது, டாக்டர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வாந்தி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், வாந்தி எடுத்த கையோடு பல் துலக்காதீர்கள். வயிற்று அமிலம் பட்ட எனாமல், அதாவது பல்லின் வெளி உறை, சிறிது நேரம் இளகியிருக்கும், அப்போது தேய்த்தால் தேய்ந்துபோகும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கழித்துத் துலக்குங்கள்.

சரி, சொத்தைக்கு வருவோம். உங்கள் மாமியாரின் பயம் அக்கறையில் வந்தது, ஆனால் இந்த விஷயத்தில் காத்திருப்பதுதான் ஆபத்து. இன்று கூசும் பல்லைச் சாதாரணமாக அடைத்துவிடலாம். விட்டால் சொத்தை நரம்பைத் தொடும், சீழ் வைக்கும். ஒன்பதாம் மாதத்தில் தூங்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நிலை உங்களுக்கு வேண்டாம். பல் எக்ஸ்ரே வாயை நோக்கி மட்டும் எடுக்கப்படுவது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. மரத்துப்போகப் போடும் லிடோகெய்ன் ஊசியைக் கர்ப்பிணிகளுக்குத் தாராளமாகப் போடலாம். அவசரம் என்றால் எந்த மாதத்திலும் சிகிச்சை செய்யலாம், ஆனால் உட்கார்ந்து எழ வசதியான காலம் நீங்கள் இப்போது இருக்கும் நடு மாதங்கள்தான். பின்னால் வயிறு பெரிதானதும் மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். அப்போது வலது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.

மாத்திரையில்தான் உண்மையான கவனம் வேண்டும். வலிக்கு இபுபுரோஃபென் போன்றவற்றை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டரிடம் கேட்டு. டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் கூடவே கூடாது, பிறக்கப்போகும் குழந்தையின் பல்லில் கறை பிடிக்கும்.

கால்சியம் பற்றிய பேச்சு உண்மையில்லை. பல்லில் ஒருமுறை சேர்ந்த கால்சியம் ரத்தத்துக்குத் திரும்பாது. குழந்தைக்கு வேண்டியது உங்கள் சாப்பாட்டிலிருந்து போகிறது, போதாவிட்டால் உங்கள் எலும்பிலிருந்து. அதனால் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தால் விடாமல் போடுங்கள். பிள்ளை பெற்றால் பல் போகும் என்ற பேச்சு வந்ததற்குக் காரணம் வாந்தியும், அடிக்கடி கொறிப்பதும், கவனிக்காமல் விட்ட ஈறும்தான்.

பற்களுக்கு நடுவே ஈறில் சிவப்பாக ஒரு சின்னக் கட்டி முளைத்தால் பதற வேண்டாம். சில கர்ப்பிணிகளுக்கு வரும், பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். கன்னம் வீங்கி, காய்ச்சல் வந்தாலோ விழுங்கச் சிரமமாக இருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

இந்த வாரமே நேரம் கேட்டு வாங்குங்கள். எத்தனையாவது வாரம், என்னென்ன மாத்திரை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள். ஊசி, எக்ஸ்ரே பற்றி அவருக்கு இருக்கும் சந்தேகங்களை டாக்டரிடமே கேட்கட்டும்.