பச்சைத் துண்டு வேட்பாளர்கள் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சி,

வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் மூன்று ஏக்கரில் பிசான நெல் போடுகிறேன். வீட்டை ஒட்டி ஒரு மரச்செக்கும் ஓடுகிறது. தேர்தல் வந்தால் எல்லா வேட்பாளரும் தோளில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு "நானும் விவசாயிதான்" என்கிறார்கள். ஜெயித்தவர்களைப் பற்றி மக்களவை இணையதளத்தில் பார்த்தால் தொழில்: விவசாயம், வணிகம். நிஜமாகவே உழுது, கடையும் நடத்தி, அப்புறம் நாடாளுமன்றம் மாதிரி இடத்துக்குப் போன ஆள் எங்கேயாவது உண்டா? போனால்தான் நமக்கு என்ன கிடைத்துவிடப் போகிறது? எங்கள் பெரியப்பாவை நிற்கச் சொல்லி ஒரு கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து போகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

ச.மு., சேரன்மகாதேவி

*

அன்புள்ள ச.மு.,

காகிதத்தில் நமக்கு விவசாயிப் பஞ்சமே கிடையாது. 2019-இல் அமைந்த 17-ஆம் மக்களவையில் 38 சதவீத உறுப்பினர்கள் தொழில் விவசாயம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பதால் வந்த பாசம் என்று டீக்கடையில் சொல்வார்கள். எல்லாரையும் அப்படித் தள்ளிவிட முடியாது.

நீங்கள் கேட்கிற மாதிரி ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். ஜான் டெஸ்டர். கனடா எல்லையை ஒட்டிய மாண்டனா மாநிலத்தில் பிக் சாண்டி என்கிற சிற்றூர். தாத்தா காலத்திலிருந்து வந்த பண்ணை, 1,800 ஏக்கர். நில உச்சவரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று கேட்டு வளர்ந்த நமக்கு அது ஜமீன் மாதிரித் தெரியும். ஆனால் மழை குறைந்த மானாவாரி பூமி அது. கோதுமை, பார்லி, பருப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு ஒரு குடும்பம் பிழைக்க அவ்வளவு நிலம் வேண்டியிருக்கிறது. 1987-இல் இயற்கை விவசாயத்துக்கு மாறினார்.

பண்ணையோடு இறைச்சிக் கடையும் இருந்தது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொண்டுவரும் மாட்டை வெட்டித் துண்டு போட்டுக் கொடுக்கிற கடை. ஒன்பது வயதில் அங்கே இருந்த அரவை எந்திரத்தில் இடது கையின் நடு மூன்று விரல்களும் போய்விட்டன. சாக்ஸஃபோன் வாசிக்க ஆசைப்பட்ட பையன், வலது கையால் வாசிக்கலாம் என்று டிரம்பெட்டுக்கு மாறினார். பிறகு ஊர்ப் பள்ளியில் இசை ஆசிரியராகவும் இருந்தார். மின்கட்டணக் கட்டுப்பாட்டை மாநிலம் தளர்த்திய கோபத்தில் 1998-இல் மாநில மேலவைக்குப் போட்டியிட்டு ஜெயித்தார். 2006-இல் 3,500 சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு. அங்கே மூன்று முறை ஜெயித்து 18 வருஷம் இருந்தார். வார இறுதிகளில் ஊருக்கு வந்து டிராக்டர் ஓட்டுவார். ஒரு விஷயம்: மாண்டனாவின் மொத்த ஜனத்தொகையே 11 லட்சம்தான். நம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியில் 2024 தேர்தலில் வாக்காளர் மட்டும் 16 லட்சத்துக்கு மேல்.

சரி, இதனால் யாருக்கு என்ன லாபம்? 2006-இல் கீரையில் கிருமி, அப்புறம் நிலக்கடலை வெண்ணெயில், 2010-இல் முட்டையில் என்று அங்கே வரிசையாக ஜனங்கள் நோயில் விழுந்தார்கள். அதனால் வந்ததுதான் 2011 ஜனவரியில் கையெழுத்தான உணவுப் பாதுகாப்புச் சட்டம். முதலில் எழுதியபடி போயிருந்தால், லாரி லாரியாக அனுப்பும் கம்பெனிக்கும் வாரச்சந்தையில் கூடை வைத்து விற்பவருக்கும் கிட்டத்தட்ட ஒரே சுமை. கே ஹேகன் என்ற செனட்டரோடு சேர்ந்து டெஸ்டர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் டாலருக்குள் இருந்து, அதில் பாதிக்கு மேல் உண்பவருக்கு நேராகவோ, அதே மாநிலத்தில் அல்லது 275 மைலுக்குள் இருக்கும் கடைக்கோ உணவகத்துக்கோ போனால், பெரிய கம்பெனிக்குப் போட்ட விதிகளில் பெரும்பகுதி கிடையாது. பெயரும் விலாசமும் மட்டும் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். நோய் பரவினால் சலுகையை எடுத்துவிடலாம். 275 மைல் என்றால் திருநெல்வேலியிலிருந்து சேலம் தாண்டும்.

"கிருமிக்குச் சின்னப் பண்ணை பெரிய பண்ணை தெரியுமா?" என்று பெரிய விளைவிப்பாளர்கள் எதிர்த்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விலாசம் தெரிந்த கடையில் வாங்கியவருக்கு வயிற்றைக் கலக்கினால் மறுநாள் வாசலில் வந்து நிற்பார் என்பது கடை நடத்தியவருக்குத் தெரியும். அது தெரிந்த ஆள் எழுதிய திருத்தம் அது.

இதே டெஸ்டர்தான் 2018-இல், சின்ன வங்கிகளை நசுக்கக் கூடாது என்று சொல்லி, வங்கி விதிகளைத் தளர்த்தும் மசோதாவை ஆதரித்தார். அதில் கடுமையான கண்காணிப்புக்கான வங்கிச் சொத்து வரம்பு 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடி டாலராக ஏறியது. 2023-இல் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தபோது பலரும் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்துப் பேசினார்கள். சந்தைக் கூடையில் சின்னது எது என்று துல்லியமாகத் தெரிந்தவருக்கு வங்கியில் அது பிடிபடவில்லை என்பது என் எண்ணம். 2024-இல் தோற்றார்.

உங்கள் செக்குக்கு வருவோம். ஒருவர் தன் எள்ளைக் கொண்டுவந்து, நீங்கள் கருப்பட்டி போட்டு ஆட்டிக் கொடுத்தால் அது கூலி. நீங்களே எள் வாங்கி ஆட்டி, வருகிறவர் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தால் அது விற்பனை. நம் நாட்டின் 2011 உணவு விதிகளின்படி சமையல் எண்ணெயைப் பொட்டலமோ பாட்டிலோ இல்லாமல் உதிரியாக விற்கக் கூடாது. மாநில அரசு நினைத்தால் விலக்கு தரலாம். கலப்படத்துக்குப் பயந்து போட்ட விதி, காரணம் இருக்கிறது. ஆனால் கண்ணெதிரே ஆட்டிய எண்ணெயையும் டின்னிலிருந்து ஊற்றும் எண்ணெயையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. துண்டு போட்டவர் யாராவது நம் பக்கம் வந்து இதைப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பெரியப்பா பேசுவார் என்றால் நிற்கட்டும். ஆனால் டெஸ்டருக்கு இருந்த வசதி அவருக்கு இருக்காது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தால், கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அமைச்சராக இல்லாத தனி உறுப்பினர் கொண்டுவந்த மசோதா நம் நாடாளுமன்றத்தில் கடைசியாக நிறைவேறியது 1970-இல். கொறடா உத்தரவு செல்லாத இடம், துறைவாரியாக உறுப்பினர்கள் உட்கார்ந்து அலசும் நிலைக்குழுதான். விவசாயி என்றதும் வேளாண் குழுவில் போட்டுவிடுவார்கள். எண்ணெய் விதியைப் போட்ட உணவுப் பாதுகாப்பு ஆணையமோ சுகாதார அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அடுத்த தடவை கட்சிக்காரர்கள் வந்தால், சுகாதாரக் குழுவில் இடம் வாங்கித் தருவீர்களா என்று பெரியப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள்.