பெடலில் 1, பெட்டியில் 00பி: ப்ரீசெட் எண்கள் ஏன் பொருந்துவதில்லை?

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் கிதார் வாசிக்கிறேன். பத்துப் பெடல்கள் கொண்ட மிடி ஃபுட் கன்ட்ரோலர் (இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மிடி முறையில், காலால் மிதித்து இயக்கும் கருவி) ஒன்றை ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும்) கருவியுடன் இணைத்திருக்கிறேன். முதல் பெடலில் 1 என்று பதிந்தால், 00ஏ என்ற ப்ரீசெட் (முன்பே அமைத்துச் சேமித்த ஒலி) வர வேண்டிய இடத்தில் 00பி வருகிறது. 10ஏ வேண்டுமென்று 10 பதிந்தால் 03பி வருகிறது. 50ஏ-வில் சேமித்துள்ள ப்ரீசெட்டை அழைக்க வழியே தெரியவில்லை. கன்ட்ரோலர் 127-க்கு மேற்பட்ட எண்ணை ஏற்பதில்லை. எந்தக் கருவியில் கோளாறு?

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை. நீங்கள் குறிப்பிடும் மூன்று சிக்கல்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. எல்லா எண்களிலிருந்தும் ஒன்றைக் கழித்துப் பார்த்திருந்தீர்களானால், முதல் சிக்கல் மட்டும் தீர்ந்து மற்ற இரண்டும் அப்படியே நின்றிருக்கும்.

கேபிளின் வழியே போவது ப்ரீசெட்டின் பெயரும் அல்ல, பெட்டியின் திரையில் தெரியும் 00ஏ போன்ற அடையாளமும் அல்ல. பெடலை மிதித்ததும் கன்ட்ரோலர் அனுப்புவது 'புரோகிராம் சேஞ்ச்' எனப்படும் இரண்டு பைட் கட்டளை மட்டுமே. முதல் பைட்டில் கட்டளையின் வகையும், அது எந்தக் கருவிக்கு என்று பிரிக்க உதவும் சேனல் எண்ணும் அடங்கியிருக்கும். இரண்டாவது பைட்டில் ஓர் எண் இருக்கும். 1983-இல் வெளியான மிடி வரையறை, ஒவ்வொரு பைட்டிலும் முதல் பிட்டை 'இது கட்டளையா, தரவா' என்று பிரித்தறிவதற்காக ஒதுக்கிவிட்டது. எஞ்சிய ஏழு பிட்களில் 0 முதல் 127 வரை 128 எண்களைத்தான் எழுத முடியும். இந்த 128 எண்களைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். சிலர் உள்ளது உள்ளபடி 0 முதல் 127 வரை காட்டுகிறார்கள். சிலர் மனிதர்கள் ஒன்றிலிருந்துதானே எண்ணுவார்கள் என்று 1 முதல் 128 வரை காட்டுகிறார்கள். திரையில் தெரிவது எதுவானாலும் கேபிளில் ஓடும் எண் ஒன்றேதான்.

உங்கள் கன்ட்ரோலர் எந்த வகை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 127-க்கு மேல் ஏற்க மறுக்கும் கன்ட்ரோலர் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறது. பிக்ஸ்கையின் முதல் ப்ரீசெட்டான 00ஏ-வின் எண்ணும் பூஜ்யமே. ஆகவே 1 என்று பதிந்தபோது இரண்டாவது ப்ரீசெட்டான 00பி வந்தது முறையே. முதல் பெடலில் 0 என்று பதியுங்கள், 00ஏ வரும்.

அடுத்தது 10ஏ. பிக்ஸ்கையில் 00 முதல் 99 வரை நூறு பேங்குகளும் (ப்ரீசெட் தொகுதிகளும்), பேங்குக்கு ஏ, பி, சி என மூன்று ப்ரீசெட்டுகளுமாக மொத்தம் 300 இடங்கள் உள்ளன. பேங்க் எண்ணை மூன்றால் பெருக்கி, ஏ என்றால் 0, பி என்றால் 1, சி என்றால் 2 கூட்டினால் அந்த ப்ரீசெட்டின் வரிசை எண் கிடைக்கும். 10ஏ-வுக்கு அது 30. நீங்கள் பதிந்த 10 என்பது மூன்று மூன்று ஒன்பதுடன் ஒன்று. அதனால்தான் 03பி வந்தது. எல்லா இடத்திலும் ஒரே அளவில் தவறினால் எண்ணத் தொடங்கும் இடத்தில் பிசகு என்றும், மேலே போகப் போக இடைவெளி கூடினால் பேங்க் கணக்கில் பிசகு என்றும் கொள்ளலாம்.

இந்தச் சூத்திரத்தை வேறு கருவிக்கு அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். லைன் 6-இன் எச்எக்ஸ் ஸ்டாம்ப்பிலும் பேங்குக்கு மூன்று ப்ரீசெட்டுகளே. ஆனால் அங்கே கணக்கு 01ஏ-வில் தொடங்குவதால், பேங்க் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்த பிறகே பெருக்க வேண்டும். 42சி என்பது அங்கே 125, பிக்ஸ்கையில் 128. ஸ்ட்ரைமனின் டைம்லைனிலோ பேங்குக்கு இரண்டே ப்ரீசெட்டுகள். 1987-இல் வந்த ரோலண்ட் டி-50 சின்தசைசர் இன்னும் வேடிக்கையானது: எட்டெட்டாக அடுக்கியிருப்பதால் அதில் 18-க்கு அடுத்தது 21.

மூன்றாவது சிக்கல் 50ஏ. அதன் வரிசை எண் 150. ஏழு பிட்களில் அது அடங்காது. இதற்காகவே, 128 இடங்கள் கொண்ட எந்தத் தொகுதியில் தேடுவது என்று சொல்லும் 'பேங்க் செலக்ட்' என்ற கட்டளை மிடியில் இருக்கிறது. இந்த இடத்தில் ஒரு சொல் மூன்று பொருளில் வந்து குழப்புகிறது: கன்ட்ரோலரில் பெடல் வரிசையை மாற்றும் பேங்க் ஒன்று, பிக்ஸ்கையின் திரையில் தெரியும் பேங்க் இன்னொன்று, 128 இடங்கள் கொண்ட மிடி பேங்க் மற்றொன்று. பிக்ஸ்கையில் 00ஏ முதல் 42பி வரை மிடி பேங்க் 0. 42சி முதல் 85ஏ வரை மிடி பேங்க் 1. 85பி முதல் 99சி வரை மிடி பேங்க் 2. 150-இலிருந்து 128 போக 22. எனவே அந்தப் பெடலில், பேங்க் செலக்ட் கட்டளையான கன்ட்ரோல் சேஞ்ச் 0-இன் மதிப்பு 1 என்பதை முதலிலும், புரோகிராம் சேஞ்ச் 22 என்பதை அடுத்தும் அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் பழைய பேங்கிலேயே 22-ஆம் எண் தேடப்பட்டு 07பி வந்து நிற்கும். இரண்டு கட்டளைகளும் சேர்ந்து ஐந்து பைட். அது கேபிளைக் கடக்க ஏறத்தாழ 1.6 மில்லி விநாடிதான் ஆகும் என்பதால் தாமதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. பேங்க் செலக்ட் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த பேங்க் செலக்ட் வரும் வரை அதுவே நிலைத்திருக்கும். 50ஏ-வை வாசித்து முடித்து, புரோகிராம் சேஞ்ச் 30 மட்டும் உள்ள பெடலை மிதித்தீர்களானால், 10ஏ-வுக்குப் பதிலாக மிடி பேங்க் 1-இன் 30-ஆம் இடமான 52சி ஒலிக்கும். கருவியை அணைத்துப் போட்டால் பேங்க் 0-க்குத் திரும்பிவிடுவதால், ஒத்திகையில் சரியாக இருந்தது மேடையில் நடுப்பாட்டில் தவறும். மீண்டும் இயக்கிச் சோதித்தால் ஒன்றும் பிடிபடாது. பேங்க் செலக்டைப் பயன்படுத்துவதென்றால், பேங்க் 0-இல் உள்ள ப்ரீசெட்டுகள் உட்பட எல்லாப் பெடல்களிலும் அதைச் சேர்த்தே பதியுங்கள்.

நானாக இருந்தால் இந்தத் தொல்லைக்கே போகமாட்டேன். ஒரு கச்சேரிக்குத் தேவைப்படும் பத்து ரிவெர்ப் ஒலிகளை 00ஏ முதல் 03ஏ வரையுள்ள பத்து இடங்களில் நகலெடுத்து வைத்துவிட்டால், பத்துப் பெடல்களுக்கும் 0 முதல் 9 வரை எண்கள் நேராக அமைந்துவிடும். பேங்க் செலக்ட் தேவையே இராது. அந்த இடங்களில் ஏற்கெனவே உள்ள ப்ரீசெட்டுகள் வேண்டுமென்றால், அவற்றை முதலில் காலி இடங்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பாஸ் ஜிடி வரிசைக் கருவிகள் பலவற்றைப் போல, எந்த எண்ணுக்கு எந்த ப்ரீசெட் என்று கருவியிலேயே அட்டவணை அமைத்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதுவும் நல்ல வழிதான். ஆனால் திருத்தத்தை ஒரு பக்கத்தில் மட்டும் செய்யுங்கள். கன்ட்ரோலரில் பாதியும் கருவியில் பாதியுமாகத் திருத்தியவர்கள் ஆறு மாதம் கழித்துத் தாம் செய்ததைத் தாமே புரிந்துகொள்ள முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பெடலை மிதித்தாலும் அசைவே இல்லையென்றால் அது எண் சிக்கல் அல்ல, பெரும்பாலும் சேனல் பொருந்தாத சிக்கல். அதிலும் இதே கதைதான்: திரையில் 1 முதல் 16 வரை தெரியும் சேனல்கள் உள்ளே 0 முதல் 15 வரை எண்ணப்படுகின்றன.

எல்லாம் பதிந்த பிறகு சோதிக்கும்போது பெடல்களை 1, 2, 3 என்று வரிசையாக மிதிக்காதீர்கள். 50ஏ-வை அதே இடத்தில் வைத்திருப்பதாக முடிவு செய்தால், அதை மிதித்த கையோடு மற்ற ஒன்பதில் ஒன்றை மிதித்து, திரும்பவும் 50ஏ-வுக்கு வந்து, பிறகு இன்னொன்றுக்குப் போய், இப்படி ஒன்பதையும் ஒருமுறை பாருங்கள். பேங்க் செலக்ட் விடுபட்ட பெடல் எது என்று அப்போதே தெரிந்துவிடும்.