கண்ணுக்குக் கீழே ஒரு துளை

அன்புள்ள ஐயா,

போன வாரம் வீட்டில் 'ஷின் அல்ட்ராமேன்' என்ற ஜப்பானிய சூப்பர் ஹீரோ படம் பார்த்தோம். என் கணவர் சின்ன வயதில் அல்ட்ராமேன் பைத்தியம், அந்த ஆசையில் போட்டார். ஏழு வயது மகன் பாதியிலேயே அழ ஆரம்பித்துவிட்டான். ராட்சத மிருகங்களைப் பார்த்து இல்லை, அல்ட்ராமேனைப் பார்த்தேதான் பயந்தான். எனக்கும் முதுகே இல்லாத வேற்றுக்கிரகவாசி ஸாரப், பூதாகாரமாகி நகருக்குள் நிற்கும் அந்தப் பெண், உலகத்தை எரிக்க வரும் ஸெட்டன் எல்லாம் வயிற்றைக் கலக்கின. நடுவில் அவன், "அந்த அங்கிள் செத்துட்டாருல்ல, அப்புறம் ஆபீஸுக்கு வந்தது யாரு?" என்று கேட்டான். "சும்மா படம்டா" என்று சொல்லி டிவியை அடைத்துவிட்டேன். சூப்பர் ஹீரோ படத்தில் இவ்வளவு பயம் தேவையா? பிள்ளைகளை நினைத்து எடுக்க மாட்டார்களா? இதே ஆட்களின் 'ஷின் காட்ஸில்லா'வை அவனுக்குக் காட்டலாமா?

ம., ஈப்போ

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் இருக்கிற கேள்விகளில் உருப்படியானது உங்கள் மகன் கேட்டதுதான். கொஞ்ச நாளாக நானும் அதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில்.

2022இல் வந்த படம். ஹிதேயாகி அன்னோ எழுதி, ஷின்ஜி ஹிகுச்சி இயக்கியது. காமினாகா என்ற அதிகாரி, தனியாக மாட்டிக்கொண்ட ஒரு சிறுவனைக் காப்பாற்ற ஓடுகிறான். வானத்திலிருந்து வெள்ளி நிற ராட்சதன் வந்து இறங்குகிறான். அவன் இறங்கிய அதிர்வில் காமினாகா செத்துப்போகிறான். ஆக, அல்ட்ராமேன் இந்த பூமியில் முதலில் கொன்றது ஒரு நல்ல மனிதனை, அதுவும் தெரியாமல். பிறகு அவன் உருவத்தை எடுத்துக்கொண்டு அவன் மேசையில் போய் உட்கார்கிறான். நூலகத்தில் மானிடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸின் புத்தகத்தை எடுத்து வைத்து மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று படிக்கிறான். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு காட்சியில், காட்டுக்குள் கிடக்கும் காமினாகாவின் பிணத்தை அதே முகத்தோடு நின்று பார்க்கிறான்.

இதை ஏழு வயதுப் பையன் சரியாகப் பிடித்துவிட்டான். நீங்கள் "சும்மா படம்டா" என்றீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் ம., அவனைப் பயமுறுத்தியது அந்தப் பதில்தான் என்பேன். அம்மாவுக்கும் தெரியவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்று ராத்திரி முழுக்க அவன் யோசித்திருப்பான்.

இனி அந்த முகம். 1966 ஜூலையில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அல்ட்ராமேன் தொடங்கியபோது உருவத்தை வடிவமைத்தவர் தோரு நரிதா, ஒரு சிற்பி. உடைக்குள் இருந்தவர் பின் ஃபுருயா என்ற நடிகர். கண்ணுக்குள் விளக்கு வைத்ததால் உள்ளிருப்பவருக்கு வெளியே தெரியாது. அதனால் கண்ணின் கீழ்ப்பகுதியில் சின்னத் துளை போட்டார்கள். முதுகில் இருக்கும் ஜிப்பை மறைக்க ஒரு துடுப்பு. மார்பில் ஒளிரும் அந்த விளக்கையும் சேர்த்தார்கள். நரிதாவுக்கு அதில் இஷ்டமே இல்லை. ஷின் அல்ட்ராமேனில் அன்னோ இது மூன்றையும் எடுத்துவிட்டார். நரிதா மனதில் நினைத்த தூய உருவத்துக்கே திரும்பினார்கள். ரசிகர்கள் கொண்டாடினார்கள், நானும்தான்.

ஆனால் எடுத்தது எதை என்று பாருங்கள். துளை, ஜிப், துடுப்பு எல்லாம் உள்ளே ஒரு ஆள் இருந்ததற்கான தடயங்கள். கண்ணை உற்றுப் பார்த்தால், அதன் வழியே எவரோ ஒருவர் வியர்த்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறார் என்று தெரியும். அதை அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது வழவழப்பான ஒரு முகம், அவ்வளவுதான். கதையிலும் இதேதான் நடக்கிறது. அங்கேயும் உள்ளே இருந்த ஆள் போய்விட்டான்.

கிள்ளானில் நாங்கள் குடியிருந்த காலத்தில் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், அல்ட்ராமேன் முகமூடி விற்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக், ரப்பர் பட்டை, ஓரம் கன்னத்தைக் கீறும். அழுது அடம்பிடித்து ஒன்று வாங்கினேன். அத்தை அதை ஹாலில் ஆணியில் மாட்டிவிட்டார். ராத்திரி தெருவிளக்கு வெளிச்சம் பட்டதும் எனக்குப் பேதி. பகலில் நான் போட்டுக்கொண்டு குதித்த அதே சாமான்தான். அத்தை எழுந்து வந்தார், திட்டவில்லை, லைட்டும் போடவில்லை. முகமூடியை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு குனிந்தார். கண்ணுக்குக் கீழே இருந்த ஓட்டையில் அவர் மை தீட்டிய கண் தெரிந்தது. "யாருடா உள்ள?" என்றார். "அத்தை" என்றேன். "பொறவு என்ன, போய்ப் படு" என்றார்.

அந்த "யாருடா உள்ள" என்பதைத்தான் உங்கள் மகன் கேட்டிருக்கிறான். அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அந்த அங்கிள் செத்துட்டார். அவரைத் தெரியாமல் கொன்றவன் அவர் வேலையைச் செய்ய வந்தான். ஏன் அவர் ஒரு பையனுக்காக உயிரைக் கொடுத்தார் என்று அவனுக்குப் புரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ள வந்தான்." இதைத் தாங்காத பிள்ளை கிடையாது. இதைச் சொல்லத் தயங்கும் பெற்றோர்தான் நிறைய. இன்னொன்றும் சொல்லுங்கள்: கம்ப்யூட்டரில் செய்த அந்த உருவத்துக்கு அசைவு கொடுத்தவர்களில் அதே பழைய ஃபுருயாவும் ஒருவர், அன்னோவும் ஒருவர். ஆள் உள்ளேதான் இருக்கிறார், துளையைத்தான் காணோம்.

பிள்ளைகளை நினைத்து எடுக்க மாட்டார்களா என்கிறீர்கள். நரிதா நினைத்தார். வெறுமனே ஒரு மிருகத்தைப் பெரிதாக்கி விடக்கூடாது, தலையும் கையும் கூட்டிப் பேயாக்கக்கூடாது, உடம்பு சிதைந்த அருவருப்பு கூடாது என்று தனக்கே விதி போட்டுக்கொண்டு மிருகங்களை வரைந்தவர் அவர். ஸாரபின் குடைந்த முதுகை ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். எனக்கு அது பிடித்திருந்தது. முன்பக்கம் மட்டும் இருக்கிற ஆட்களை நான் ஆபீஸ்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் விஷயம் பழைய தொடரிலேயே உண்டு, அங்கேயும் மெஃபிலாஸ் என்ற வேற்றுக்கிரகவாசியின் வேலைதான். கேமராவைத் தரையில் வைத்து அவளை எடுத்த விதம் அசிங்கம், அதில் நான் உங்கள் கட்சி. ஸெட்டனின் நெருப்பு ஒரு லட்சம் கோடி டிகிரி. அவ்வளவு பெரிய எண்ணைக் கேட்டு யாரும் பயப்படுவதில்லை, விட்டுவிடுங்கள்.

ஷின் காட்ஸில்லாவா? 2016இல் வந்தது. அது தோக்கியோவுக்குள் ஊர்ந்து வரும்போது செவுளிலிருந்து ரத்தம் கொட்டும், வட்டக் கண் இமைக்கவே இமைக்காது. பயம் நல்லது என்று இவ்வளவு நேரம் உங்களோடு மல்லுக்கட்டிய நானே சொல்கிறேன், இப்போது வேண்டாம். பன்னிரண்டு வயது ஆகட்டும். கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள், அவர்தான் போட்டுக் காட்டுவார்.